ஓரம் வெட்டிய ஷரத்து

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடிருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் ஷரத்துதான். எதற்கெடுத்தாலும் "அதுல ஒரு ஷரத்து இருக்கு, பார்த்தீங்களா?" என்று ஆரம்பிக்கிறவருக்கு ஊர் வேறென்ன பெயர் வைக்கும்? லிஃப்டில் ஏறினால் முதலில் 'ஆறு பேர் மட்டும்' என்ற தகட்டைப் படிப்பார். ஏழாவது ஆள் இடுப்பிலிருக்கும் கைக்குழந்தை என்றாலும் விவாதம் உண்டு. விவாதம் முடிவதற்குள் மற்றவர்கள் படியேறிப் போயிருப்பார்கள். வென்றவர் தன்னந்தனியாக மேலே போவார்.

பிழைப்பு மூக்குக்கண்ணாடிக் கடையில். கடையின் முன்பாதி முழுக்கக் கண்ணாடிகளும் அவற்றைப் போட்டு அழகு பார்க்கிற நிலைக்கண்ணாடிகளும். பின்பாதியில் ஒரு கறுப்புத் திரை, ஓர் உயரமான நாற்காலி, எதிர்ச்சுவரில் மேலிருந்து கீழே சிறுத்துக்கொண்டே போகும் எழுத்துப் பலகை. அங்கேதான் ஷரத்தின் ஆட்சி. வந்தவர் மூக்கில் கனத்த சோதனைப் பிரேமை மாட்டி, வட்ட வட்டமாக லென்ஸ்களைச் செருகி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பது வேலை. "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு" என்று பதில் வந்தால் அவர் முகம் சுளிக்கும். தன் கண்ணுக்கு எது தெரிகிறது என்றுகூடச் சொல்லத் தெரியாத ஜென்மங்களுக்கு உலகம் தெளிவாகத் தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது என்பது அவருடைய தொழில்முறைக் கருத்து.

நாற்பது தாண்டியவர்கள் வந்து, எவ்வளவு தள்ளிப் பிடித்தாலும் எழுத்து தெரியவில்லை, கை நீளம் பற்றவில்லை என்று கூச்சத்தோடு சொல்வார்கள். "எல்லாருக்கும் வர்றதுதானே, இதுல வெட்கப்பட என்ன இருக்கு?" என்று ஷரத்து அருள்வார். அவரும் நாற்பதைத் தாண்டி வெகுநாளாகிவிட்டது. அவர் மூக்கு மட்டும் வெறுமையாகவே இருந்தது. மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்பதில்லை என்று அதற்கொரு விளக்கமும் தயாராக வைத்திருந்தார். உண்மை வேறு. கண்ணாடி போட்டால் வயதை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஊரிலுள்ள எல்லா ஷரத்துக்கும் மற்றவர்களைக் கட்டிப்போட்டவர், இந்த ஒன்றில் மட்டும் தான் கட்டுப்படாமல் நழுவிக்கொண்டிருந்தார். ஊருக்குத்தானே உபதேசம்.

இந்த வெறுங்கண்ணால் அவர் படித்தவை விதிப்புத்தகங்கள். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, சந்தேகமான இடத்தில் பகடை உருட்டி ஆடுகிற விளையாட்டு ஒன்று உண்டு. வளர்ந்த மனிதர்கள் வெட்கமில்லாமல் "நான் இப்போ மதில் ஏறுறேன்" என்பார்கள். பகடை ஏறவிட்டால் ஏறலாம்; இல்லையென்றால் விழலாம். இந்த விளையாட்டுகளுக்குச் செங்கல் செங்கலாக விதிப்புத்தகங்கள் வெளிவருகின்றன. எந்த வில்லின் அம்பு எவ்வளவு தூரம் போகும், நனைந்த கயிறு எவ்வளவு எடை தாங்கும், பூதத்துக்குச் சளி பிடித்தால் அதன் பலத்தில் எவ்வளவு கழிக்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். ஷரத்து அவற்றைக் கணினிக் கோப்புகளாக, தள்ளுபடியில், மூட்டை மூட்டையாக வாங்கிக் கரைத்துக் குடித்தார். ஒன்றைக்கூட ஆடியதில்லை.

"தண்ணியில கால் வைக்காம நீச்சல் புத்தகம் படிக்கிறவரைக் கட்டிக்கிட்டேன்" என்பாள் மனைவி. அவள் நீச்சல் குளத்தில் சிறுபிள்ளைகளுக்குப் பயிற்சி தருபவள். புத்தகமே இல்லாமல் ஒரு தலைமுறையை மிதக்கவைத்தவள். ஷரத்து இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். படிக்க முடியாதவன் ஆடுகிறான், சமைக்கத் தெரியாதவன் சாப்பிடுவதைப் போல. அவ்வளவுதான் அவர் கட்சி.

படிக்கிற கருவி, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய இ-ரீடர். சாம்பல் நிறத் திரை காகிதம் மாதிரியே இருக்கும். வெயிலில் கண் கூசாது. ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் தாங்கும். நாவல் படிக்கிற சாதுக்களுக்கென்று செய்த பொருள். அதில் விதிப்புத்தக பி.டி.எஃப் படிப்பது சாவித் துவாரம் வழியாக யானை பார்ப்பது போல. அந்தப் புத்தகங்கள் பெரிய தாளுக்கென்று கட்டப்பட்டவை. பக்கத்துக்கு இரண்டு பத்தி, பின்னணியில் பழங்காலத் தாள் மாதிரி ஒரு பழுப்பு, நடுவில் வாள் தூக்கிய வீரன். இ-ரீடரில் பழுப்பு அழுக்காகும், வீரன் கரிக்கட்டையாவான், எழுத்து கடுகாகும். பக்கத்தைத் திருப்பினால் திரை ஒரு முறை கறுத்து, கண்ணைச் சிமிட்டி, இது தேவைதானா என்று யோசித்துவிட்டுத்தான் அடுத்ததைக் காட்டும். பெரிய படம் வந்துவிட்டால் அந்த யோசனைக்குள் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம். எழுத்தைப் பெரிதாக்கலாம்தான், ஆனால் பக்கத்தை இடமும் வலமுமாகத் தள்ளித் தள்ளி வரியின் வாலைப் பிடிப்பதற்குள் தலை மறந்துபோகும்.

சாதாரண மனிதர்கள் இதற்குப் பெரிய கருவி வாங்குவார்கள், அல்லது கண்ணாடி போடுவார்கள். ஷரத்து ஓரத்தை வெட்டினார்.

கணினியில் அதற்கு வழி இருந்தது. பக்கத்தின் மேல் ஒரு கட்டம் போட்டு, கட்டத்துக்கு வெளியே இருப்பதை வெட்டி எறிந்தால், மிஞ்சியது திரை முழுக்க விரிந்து எழுத்து பெரிதாகும். சனிக்கிழமை காலையில், மனைவி குளத்துக்குப் போன பிறகு, நகம் வெட்டுகிற நிதானத்தோடு உட்கார்ந்து புத்தகம் புத்தகமாக வெட்டுவார். மேலே கொடியும் பூவும், கீழே வாளும் கேடயமும், பக்கவாட்டில் சின்னச் சின்னப் பெட்டிகளுக்குள் பொடி எழுத்தில் ஏதேதோ. தொடக்கத்தில் ஒரே ஒரு பெட்டியை மெனக்கெட்டுப் படித்துப் பார்த்தார். பூதத்துக்கு முத்தம் கொடுக்க வேண்டாம், மீசை குத்தும் என்று எழுதியிருந்தது. அரட்டை என்று அன்றைக்கே தீர்ப்பெழுதி, எல்லா ஓரத்தையும் கழித்துக் கட்டினார். அலங்காரமும் அரட்டையும் போனால் மிஞ்சுவது சாரம். மனிதர்களையும் அவர் இப்படித்தான் படித்து வந்தார். அதில் சாரமென்று யாரும் மிஞ்சவில்லை.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மதியமானால் கால்கள் கொழுந்தியாளின் பட்டறைக்குத்தான் போகும். மனைவியின் தங்கை பொய்ப்பல் செய்கிறவள். பட்டறைச் சுவர் நெடுக அலமாரி. அலமாரி நெடுக ஊராரின் வாய்களை அச்செடுத்த பிளாஸ்டர் தாடைகள், எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டது போலத் திறந்தபடி. நடுவிலிருந்த வேலை மேசையைத் துடைத்துவிட்டு அங்கே அந்த ஆட்டம் நடக்கும். நடத்துபவர் தெருமுனை மருந்துக்கடைக்காரர், குள்ளமான, நிதானமான மனிதர். கொழுந்தியாளின் பாத்திரம் ஓர் ஒற்றைக்கண் ஓடக்காரி, வருஷக்கணக்காக வளர்த்தது. வெள்ளம், கொள்ளை, ஒரு பொய்க் கல்யாணம் எல்லாவற்றையும் தாண்டி வந்தவள். மூன்றாவது ஆள் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாள் முழுக்க மாடி மாடியாகத் தொங்குகிறவர் என்பதாலோ என்னவோ, ஆட்டத்தில் பூமிக்கு மேலே தலை காட்டாத ஒரு சுரங்கக்காரனாக இருந்தார்.

ஷரத்து ஆடமாட்டார். சுவரோரம் ஒரு முக்காலியில் இ-ரீடரும் கையுமாக உட்கார்ந்து திருத்துவார். யாராவது மதில் ஏறினால், ஈர மதிலுக்கு வேறு கணக்கு என்பார். சொல்வது சரியாகவும் இருந்து தொலைக்கும். அதனால் யாருக்கும் புத்தகத்தைத் திறக்கிற அவசியமே வரவில்லை. அச்சுப் புத்தகம் ஒன்று அங்கே இல்லாமலில்லை. லிஃப்ட்காரர் எப்போதோ ஆசையாக வாங்கி வந்தது. நடத்துபவர் உட்காரும் நாற்காலி, பல் மருத்துவர் ஒருவர் கழித்துவிட்டது. ஒரு காலத்தில் ஏறி இறங்கும். இப்போது இறங்கியே கிடந்தது. மருந்துக்கடைக்காரரின் உயரத்துக்கு மேசை எட்டாததால், விதிப்புத்தகத்தைத் துண்டால் சுற்றி அடியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்து நியாயம் வழங்கிக்கொண்டிருந்தார்.

அவரிடம் ஷரத்துக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று உண்டு. யாருடைய பாத்திரமாவது சாகும் கட்டத்துக்கு வந்தால், பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டு, "சாகட்டுமா?" என்று அந்த ஆளையே கேட்பார். வேண்டாம் என்றால், சரி, அதற்கு ஈடாக ஒன்று போகட்டும் என்று ஒரு விரலோ ஒரு படகோ பறித்துக்கொண்டு உயிரை விடுவார். ஓடக்காரி ஒற்றைக்கண் ஆனது அப்படித்தான். ஷரத்துக்கு இது சகிக்கவில்லை. இருமல் மருந்து விற்று விற்று மனிதருக்கு யாரையும் சாகவிட மனம் வரவில்லை என்று வீட்டில் வந்து இளக்காரமாகச் சொல்வார்.

அந்த மருந்துக்கடைக்காரர்தான் வேறு ஊரில் கடை எடுத்துக் கிளம்பப்போவதாக ஒருநாள் சொன்னார். நாற்காலி காலியாகப்போகிறது.

ஷரத்துக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது. ஆட்டத்தையே மட்டமாக நினைக்கிறவருக்கு ஆட்டத்தின் தலைமை எதற்கு என்று கேட்டால், கோவிலுக்குப் போகாதவன் தர்மகர்த்தா பதவிக்கு நிற்பதில்லையா? அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை. கடையில் லென்ஸைத் தலைகீழாகச் செருகினார். சாப்பிடும்போது வெள்ளப்பெருக்கு விதிகளை மனைவிக்கு ஒப்பித்தார். அவள் பொறுக்கமாட்டாமல் தங்கைக்குப் போன் செய்து, "ஒரே ஒரு தடவை அவரை அதுல உட்கார விடுடி, இங்க என் உயிர் போகுது" என்று கெஞ்சினாள்.

தங்கை யோசித்தாள். புத்தகம் தெரிந்தவர் வேறு யாருமில்லை என்பது உண்மை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்திக் காட்டட்டும், எல்லாருக்கும் ஒப்புதல் என்றால் நாற்காலி அத்தானுக்கு. இல்லையென்றால் பழைய முக்காலிதான் என்று முடிவாயிற்று. ஒரு எச்சரிக்கையும் வந்தது: ஓடக்காரி மேல் கை வைக்கக் கூடாது. நான் யார் கை வைக்க, வைத்தால் விதி வைக்கும் என்று ஷரத்து பதில் அனுப்பினார். அதை ஒரு சமாதானம் என்றே அவர் நினைத்தார்.

அந்த ஞாயிறு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்தார். நாற்காலி அடியில் உறுத்தியது. ஆனால் உயரம் கொடுத்தது. உயரத்துக்காக உறுத்தலைப் பொறுத்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் முக்காலிக்கு மாறியிருந்தார். மேசை விளிம்புக்கு மேலே அவருடைய கண்கள் மட்டும் தெரிந்தன.

கதை எளிமையானதுதான். ஆற்றில் வெள்ளம், பாலம் உடைந்துவிட்டது, ஓடக்காரி சுரங்கக்காரனை அக்கரை சேர்க்க வேண்டும். ஷரத்து அதை ஒரு நிலப்பத்திரம் போல நடத்தினார். கயிற்றைப் பிடிக்கிறேன் என்றால் கயிற்றுப் பக்கம். துடுப்பை ஊன்றுகிறேன் என்றால் துடுப்புப் பக்கம். ஒவ்வொரு தடவையும் திரை கறுத்து, சிமிட்டி, யோசித்தது. ஆறு காத்திருந்தது.

"சார், நான் கழற்றிப் போட்ட லிஃப்டுகூட இதைவிடச் சீக்கிரம் வரும்" என்றார் லிஃப்ட்காரர்.

கடைசியில் ஒரு சுழல் வந்தது. கொழுந்தியாள் உருட்டிய பகடை கைவிட்டது. மறுபடி உருட்டினாள், அதுவும் கைவிட்டது. ஷரத்து கருவியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார், நிமிர்ந்தார். லென்ஸ் மாற்ற வேண்டும் என்று சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"செத்துட்டா."

மேசையைச் சுற்றி வாய்கள் திறந்தன. அலமாரித் தாடைகள் ஏற்கெனவே திறந்திருந்தன.

"என்னைக் கேட்கவே இல்லையே, அத்தான்" என்றாள் அவள்.

"எதுக்குக் கேட்கணும்? சாவு என்ன உத்தரவு வாங்கிட்டா வரும்?"

மருந்துக்கடைக்காரர் மேசைக்குக் கீழிருந்து தொண்டையைச் செருமினார். "கேட்கணும் சார். அது விதி."

ஷரத்து சிரித்தார். அது உங்கள் தனிப்பட்ட இரக்கம், விதியில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். ஓர் எழுத்து பிசகவில்லை. மருந்துக்கடைக்காரர் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"புத்தகத்தையே பார்த்துடலாமே. கொஞ்சம் எழுந்திரிங்க."

"நான் எதுக்கு எழுந்திரிக்கணும்?"

"அதுமேலதான் உட்கார்ந்திருக்கீங்க."

துண்டை உருவிப் புத்தகத்தை மேசையில் வைத்தார்கள். வருஷக்கணக்காக ஒரு மனிதரின் பாரத்தைத் தாங்கியதில் நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. கொழுந்தியாள் பக்கத்தைப் பிரித்தாள். நடுப்பத்தியில் ஷரத்து ஒப்பித்தது அப்படியே இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. அவள் விரல் அந்த மலர்ச்சியைத் தாண்டிப் பக்கத்தின் விளிம்புக்குப் போய், தடித்த கோடு போட்ட ஒரு பெட்டியின் மேல் நின்றது.

"இதைப் படிங்க."

படிக்க முடியவில்லை. பெட்டிக்குள் எறும்பு ஊர்ந்தது. புத்தகத்தைத் தள்ளிப் பிடிக்கலாமென்றால் கையில் தூக்கிப் பிடிக்கிற கனமில்லை அது. லிஃப்ட்காரர் எழுந்து, புத்தகத்தை மார்போடு விரித்துப் பிடித்துக்கொண்டு, எழுத்துப் பலகை மாதிரி பின்னால் நகர ஆரம்பித்தார். "இப்போ?" இன்னும் கொஞ்சம் என்றார் ஷரத்து. "இப்போ?" இன்னும் கொஞ்சம். "சார், இதுக்கு மேல சுவர்தான்." முதுகு அலமாரியில் இடித்துப் பல்வரிசைகள் கிடுகிடுத்தன. அங்கே நின்றபோதுதான் எழுத்து கூடிவந்தது. ஊர்க்கண்ணையெல்லாம் சோதித்தவர், பட்டறைக்கு நடுவே கண்ணை இடுக்கி நின்று, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"ஒரு பாத்திரம் சாகுமா என்பதை, அதை ஆடுபவரைக் கேட்ட பிறகே முடிவு செய்க. கேட்காமல் நேர்ந்த சாவு செல்லாது."

வாசித்து முடித்ததும் ஷரத்து விழுந்துவிடவில்லை. அந்த வகை மனிதர்கள் விழமாட்டார்கள். ஓரத்தில் இருப்பது அரட்டை, அது விதியாகாது என்றார். கொழுந்தியாள் முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். அங்கே ஓரத்தில் இன்னும் பெரிய பெட்டி. இந்தத் தடவை அவளே படித்தாள்: பெட்டிக்குள் இருப்பதும் வெளியே இருப்பதும் முரண்பட்டால் பெட்டியே செல்லும். ஷரத்து தன் இ-ரீடரில் முதல் பக்கத்தை எடுத்தார். சுத்தமான இரண்டு பத்திகள். வெட்டிய நகம் போல வழுவழுப்பான ஓரம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அத்தனை வருஷம் சாதித்தவர். நாலாவது காலை வெட்டியதும் அவர் கைதான்.

"உங்களுக்குத் தெரியும்னுதான் நினைச்சேன் சார்" என்றார் மருந்துக்கடைக்காரர், நிஜமான மரியாதையோடு. "தெரிஞ்சேதான் வேண்டாம்னு தள்ளுறீங்கன்னு நினைச்சேன்."

எல்லாவற்றிலும் அதுதான் வலித்தது.

"இப்போ கேளுங்க" என்றாள் கொழுந்தியாள்.

இது தெளிவா அது தெளிவா என்பதைத் தவிர, பதில் தெரிந்துகொள்ள வேண்டி யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர் அவர். வாய் வரை வந்து, திரும்பிப் போய், மறுபடி வந்தது கேள்வி. "சாகட்டுமா?"

அவள் சுவரிலிருந்த தாடைகளைப் பார்த்தாள். மேசையில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை நகத்தால் சுரண்டினாள். பிறகு, "சாகட்டும்" என்றாள்.

லிஃப்ட்காரர் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டார். அவள் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனாள். ஓடக்காரி கயிற்றைச் சுரங்கக்காரன் இடுப்பில் கட்டுகிறாள். இரண்டு பேரை அது தாங்காது என்று அவளுக்குத் தெரியும். தன் பக்கத்து முனையைத் தானே அறுத்துவிடுகிறாள். அவன் கரையேறுகிற வரை அந்த ஒற்றைக் கண் தண்ணீருக்கு மேலேதான் இருக்கிறது, அப்புறம் இல்லை. லிஃப்ட்காரர் மூக்கைச் சிந்தினார். மருந்துக்கடைக்காரர் கையிலிருந்த பகடையை ஓசைப்படாமல் மேசையில் வைத்தார். இத்தனை வருஷத்தில் அந்த மேசையில் அப்படி ஓர் அமைதி வந்ததில்லை.

அந்த அமைதிக்குள் ஷரத்து கேட்டார்: "அப்போ நான் சொன்னதுதானே சரி? செத்துட்டாதானே?"

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் வாதாடியிருப்பார். லிஃப்ட்காரர் துண்டை மடித்தபடி, "தங்கச்சி, உன் ஆள்தான் போயாச்சே. இனிமே நீ சும்மாதானே இருக்கே, அந்த நாற்காலியில உட்காரேன்" என்றார். மருந்துக்கடைக்காரர் தலையை ஆட்டினார். அவள் உட்கார்ந்தாள். உயரமானவள், அடியில் எதுவும் வைக்க வேண்டியிருக்கவில்லை. புத்தகம் மேசையிலேயே தங்கிவிட்டது.

வீட்டுக்குப் போவதற்குள் சேதி அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. மனைவி கதவைத் திறந்துவிட்டு, "கை இன்னும் நீளமா வளரும்னு காத்திருக்காம, நாளைக்கே கடையில ஒரு கண்ணாடி எடுத்துப் போட்டுக்கோங்க" என்றாள். அவர் அந்தப் பதிப்பில் பிழைகள் மலிந்திருப்பதாகச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

மறுநாள் கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து, வெட்டாத பழைய கோப்பை இ-ரீடரில் ஏற்றினார். பக்கம் முழுசாக வந்தது, கடுகாக வந்தது. கறுப்புத் திரைச்சீலையை நன்றாக இழுத்துவிட்டு, சோதனைப் பிரேமைத் தன் மூக்கிலேயே மாட்டினார். ஒரு லென்ஸ் செருகினார், எடுத்தார், இன்னொன்று செருகினார். இது தெளிவா, அது தெளிவா? இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. மூன்றாவதில் பெட்டி திறந்தது.

அந்த வாரம் முழுக்க ஓரங்களைப் படித்தார். சில பெட்டிகளில் விதி இருந்தது. சிலவற்றில் பூதத்தின் மீசை இருந்தது. எதில் எது என்று படித்துப் பார்க்காமல் சொல்ல வழியில்லை. அந்த ஒழுங்கீனம்தான் அவருக்கு அசிங்கமாகப் பட்டது. அவர் முதன்முதலில் வாங்கிய புத்தகத்தின் முதல் பெட்டி, முழுதும் படித்து முடிக்கக் காத்திருக்க வேண்டாம், நாலு பேரைக் கூட்டி ஆட ஆரம்பியுங்கள் என்றது. வாக்கியம் தளர்வாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமைக்குள் அவருடைய ஏளனம் வீடு மாறிவிட்டது. நடுப்பத்தியை மட்டும் மேய்ந்துவிட்டுப் பேசுகிறவர்களை என்ன சொல்வது என்று, கண்ணில் புரை விழுந்து வந்த ஒரு பெரியவரிடம் அலுத்துக்கொண்டார். பெரியவருக்கு எந்தப் பத்தியுமே தெரியவில்லை, ஆமாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியோடு பட்டறைக்குப் போனார். மருந்துக்கடைக்காரர் ஊர் மாறிப் போயிருந்தார். சுவரோர முக்காலியின் மேல் பிளாஸ்டர் மூட்டை உட்கார்ந்திருந்தது. கொழுந்தியாள் தலைமை நாற்காலியிலிருந்து, அவள் முன்பு உட்கார்ந்த இடத்தைக் கையால் காட்டினாள். "ஆடுறதா இருந்தா உட்காருங்க, அத்தான். திருத்துறதா இருந்தா மூட்டையை நீங்களே இறக்கி வைங்க." மூட்டை கனமானது. உட்கார்ந்தார்.

உங்கள் ஆள் யார் என்று கேட்டபோது திகைத்துப்போனார். அத்தனை புத்தகம் படித்தவருக்கு, தான் யாராக இருக்க வேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் போட்டிருக்கவில்லை. வெகுநேரம் கழித்து, நீதிபதி என்றார்.

"நினைச்சேன்" என்றார் லிஃப்ட்காரர்.

நீதிபதி தன் சட்டப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அதே ஆற்றில், வேறொரு படகில் ஏறினார். நடுவழியில் எழுந்து நின்று படகோட்டிக்கு ஏதோ சொல்லப் போனார். பகடை உருண்டது. நீதிபதி தண்ணீரில். இன்னொரு தடவை உருண்டது, அதுவும் போயிற்று. கொழுந்தியாள் பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"அத்தான், உங்க ஆள் சா..."

"வேண்டாம்" என்றார் ஷரத்து.

கேள்வி பாதியில் நின்றது. லிஃப்ட்காரர் கூரையைப் பார்த்தார். எந்தப் பெட்டி, எந்தப் பக்கம் என்று அன்றைக்கு யாரும் யாரையும் கேட்கவில்லை.

"சரி, பிழைச்சுக்கட்டும். ஆனா ஈடா ஒண்ணு போகணுமே" என்றாள் அவள். "அந்தச் சட்டப் புத்தகம் ஆத்தோட போகட்டும்."

ஷரத்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "புத்தகம் வேண்டாம்மா. வேணும்னா ஒரு காலை எடுத்துக்கோ."

அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, புத்தகத்தைத்தான் எடுத்துக்கொண்டாள்.